கடைசியார் முந்திய நாள்

அந்தப் படகுத்துறையில் கடைசியாரை அவருடைய சொந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டது கிடையாது. வீட்டுக்கு மூத்த பிள்ளை அவர்தான். அவருக்குப் பின்னால் தம்பி தங்கைகள் வரிசையாக இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள், "அவர் கடைக்குட்டியா?" என்று கேட்டுவிட்டு, நரைத்த மீசையைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். விஷயம் அது இல்லை. கடலுக்குப் போன படகுகள் எல்லாம் திரும்பி, மீனை இறக்கி, ஏலம் முடிந்து, ஐஸ் வியாபாரி பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, ஒரு படகு மட்டும் ஆடி அசைந்து துறைக்குள் வரும். அது அவருடைய படகு.

என்ஜின் மட்டமா என்றால் இல்லை. ஆள் சோம்பேறியா என்றால் அதுவும் இல்லை. விடியுமுன் முதலில் வெளியே போகிறவர்களில் அவரும் ஒருவர்தான். அவருடைய வியாதி வேறு. அவருக்குத் திட்டைக் கண்டால் காத்திருக்க வேண்டும்.

திட்டு என்பது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீருக்கு அடியில் குறுக்கே படுத்திருக்கும் மணல்மேடு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் மேல் உடைகிற அலையைத்தான் பார்க்கலாம். நடுக்கடலிலிருந்து சாதுவாக வருகிற அலை, ஆழமில்லாத அந்த இடத்துக்கு வந்ததும் வாசற்படி தடுக்கியவன் மாதிரி தலைகுப்புற விழும். கடல் ஏறுகிற நேரத்தில் திட்டின் மேல் தண்ணீர் கூடி, எல்லாம் அடங்கிக் கிடக்கும். கடல் வற்றுகிற நேரத்தில்தான் வம்பு. ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓடப் பார்க்கும், அலை உள்ளே வரப் பார்க்கும், இரண்டும் திட்டின் மேல் முட்டிக்கொண்டு அலை செங்குத்தாக நிமிரும். அந்த நேரத்தில் ஒரு சின்னப் படகு தன் விலாவைக் காட்டினால் போதும், புரட்டிவிட்டுப் போய்விடும்.

கடைசியார் திட்டுக்கு வெளியே, அலை உடையாத ஆழத்தில் படகை நிறுத்துவார். என்ஜினை அணைக்காமல் மெல்ல உறுமவிடுவார். வலையைக் கட்டுவார். மீன் பெட்டியைக் கட்டுவார். சோற்று வாளியைக்கூடக் கட்டுவார். கட்டியதையெல்லாம் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டு, தேர்வு மேற்பார்வையாளர் தோரணையில் அலையைப் பார்க்க உட்காருவார். துறையில் ஜாக்கெட் எல்லாப் படகிலும் இருக்கிறது. மற்றவர்கள் அதன்மேல் உட்காருவார்கள். பலகை குத்தாமல் இருக்கும்.

பெரிய அலைகள் தனியாக வராது, கூட்டமாக வரும். ஒரு கூட்டம் போனதும் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில், போகிற அலையின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட வேண்டும். முந்தினால் படகின் மூக்கு அலையின் பள்ளத்தில் குத்திப் புதையும். பின்தங்கினால் அடுத்த அலை வாலைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். பாதியில் மனசு மாறித் திரும்பவே கூடாது. இதெல்லாம் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மற்றவர்கள் நல்ல இடைவெளி ஒன்றைப் பார்த்தால் போய்விடுவார்கள். கடைசியார் அதைப் பார்த்து, நல்ல இடைவெளிதான் என்று ஒப்புக்கொண்டு, அதைப் போகவிட்டு, அடுத்ததும் இவ்வளவு ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். அதுவும் ஒழுங்காக வந்தால், இவ்வளவு ஒழுங்காக வருவானேன் என்று சந்தேகப்படுவார். சில நாள் கடல் வற்றி முடிந்து மறுபடி ஏறத் தொடங்கும்வரை உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய கூட்டாளிக்கு நெட்டை என்று பெயர். ஆள் நீளம். இந்த நேரத்துக்கென்றே வலைமேல் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தான். கடைசியார் பார்க்க ஆரம்பித்தால் அவன் தூங்க ஆரம்பிப்பான். இருவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். "எங்க படகுல ரெண்டு பேரும் வேலை செய்யுறோம். அண்ணன் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, நான் மூடி வச்சுக்கிட்டு" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இந்தக் காத்திருப்பின் பலனை வீடு அனுபவித்தது. கடைசியார் தன் கல்யாணத்துக்கே சட்டையில் மீன் செதிலோடு வந்தவர். அவர் வருவதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். மகள் பிறந்த அன்றைக்கு, "பொண்ணு வந்து குளிச்சுத் தூங்கியாச்சு, நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். மகளின் பள்ளி ஆண்டுவிழாக்களில் அவர் பார்த்த ஒரே நிகழ்ச்சி, நாற்காலிகளை அடுக்குவது. சும்மா நின்று பார்க்க மனசு வராமல் தானும் சேர்ந்து அடுக்குவார். பள்ளி வாட்ச்மேன் அவரைப் பந்தல்காரர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர் மனைவி தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். வீட்டில் அவள் கோபம் எல்லாம் மெஷின் வழியாகத்தான் வெளிவரும். கடைசியார் தாமதமாக வந்த நாளில் மெஷின் நிற்காமல் ஓடும். அவர் குளித்து, தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் அது நிற்கும். "ஊர்ல எல்லாருக்கும் புருஷன் வீட்டுக்கு வந்துட்டுத் தூங்குறான். எனக்கு வாய்ச்சது தண்ணியில குந்திக்கிட்டு முழிச்சிருக்கு" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லுவாள். சொல்லும்போது பல்லில் ஊசி இருக்கும். அதனால் கேட்பவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அதிகமாக வாயடித்தது அவளுடைய தம்பி. கடைசியாருக்கு மச்சினன். சொந்தப் படகு, புது என்ஜின், அதைவிடப் பெரிய வாய். துறை டீக்கடையில் அவன் பேச்சில் பாதி கடைசியாரைப் பற்றித்தான். "எங்க மச்சான் அலைக்கு டோக்கன் குடுக்குறாரு. நம்பர் கூப்பிட்டாத்தான் உள்ள வருவாரு" என்பான். கடைசியார் டீயை ஊதி ஊதிக் குடிப்பார். டீ ஆறும்வரை காத்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பும்.

கடல் கெட்டிருக்கும் நாளில் இந்தக் கிண்டல் திட்டுக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிடும். நல்ல நாளில் நேராக உள்ளே போகிற படகுகள், மோசமான நாளில் அவரைச் சுற்றி வந்து நிற்கும். மச்சினன் படகும் நிற்கும். ஒருத்தன் வலையை உதறுவான். ஒருத்தன் என்ஜின் மூடியைத் திறந்து எதையோ தேடுவான். "என்ன மச்சான், இன்னைக்கு உள்ள போற எண்ணம் இருக்கா, இல்ல நாளைக்கு மீனையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுப் போறதா?" என்று மச்சினன் தொடங்கி வைப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியார் கடைசியில் எழுந்து போன பிறகு, அவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்து, உள் ஆற்றில் அவரை முந்திக்கொண்டு துறைக்குப் போய்விடுவார்கள். கேலி செய்யத்தான் நிற்கிறார்கள் என்று கடைசியார் நம்பினார். அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

மகளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. நேராகப் போகிற பஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான், நண்பகலில். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மனைவி மகளின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடவில்லை. அதுவே கடைசியாருக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குக் கடலுக்குப் போகணுமா?" என்று மனைவி கேட்டாள்.

"வலையைப் போட்டுட்டு வந்துட்டேனே. எடுக்கலைன்னா போயிடும்."

"போங்க. எடுங்க. ஆனா அவ பஸ் ஏறும்போது நீங்க அங்க நிக்கணும். பிறந்ததுலேருந்து அந்தப் பிள்ளைக்கு நீங்க ஒரு நல்லதுக்கும் நேரத்துக்கு வந்ததில்ல. நாளைக்கும் வரலைன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இனிமே எதுவுமே சொல்லமாட்டேன்."

மகள் உள் அறையிலிருந்து, "விடும்மா, அப்பா எப்படின்னு தெரியாதா" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசியாருக்கு அதுதான் மனைவி சொன்னதைவிடச் சுருக்கென்றது.

"வந்துடுவேன். பஸ்ஸுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்" என்றார்.

மறுநாள் வலையை எடுத்து, மீனைப் பெட்டியில் போட்டு, திட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடல் வற்றிக்கொண்டிருந்தது. திட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் உள்ளே போவதை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். நெட்டை அதை ஒரு தடவை பார்த்தான், வலைமேல் தன் இடத்துக்குப் போனான், சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டான்.

வழக்கம்போல் மற்ற படகுகளும் வந்து சுற்றி நின்றன. மச்சினன் படகில் அவனும் அவனுடைய கூட்டாளி பாட்டுக்காரனும் இருந்தார்கள். "மச்சான், இன்னைக்கு என் அக்கா மக ஊருக்குப் போறா, ஞாபகம் இருக்குல்ல? பஸ் டிரைவர்கிட்ட வேணா சொல்லி அடுத்த வாரம் எடுக்கச் சொல்லவா?" என்றான் மச்சினன்.

கடைசியார் கட்ட வேண்டியதைக் கட்டினார். ஜாக்கெட்டை மாட்டினார். ஒரு கூட்டம் அலை வந்து போனது. இடைவெளி வந்தது, ஆனால் சின்னது. போகவிட்டார். இன்னொரு கூட்டம் போனது. அடுத்த இடைவெளியும் அப்படித்தான். சூரியனைப் பார்த்தார். தண்ணீர் திரும்பி ஏற இன்னும் வெகுநேரம் ஆகும். அதற்குள் பஸ் போய்விடும். பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஜன்னல் வழியாகத் தெருக்கோடியைப் பார்க்கிறாள் என்று நினைத்தார். பிறகு அவள் பார்க்கவே இல்லை என்று நினைத்தார். இரண்டாவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நெட்டை, எந்திரி. போறோம்."

நெட்டை சட்டையை விலக்கினான். "எங்க?"

"உள்ள."

"இப்பவா? அண்ணே, உடம்பு சரியில்லையா?"

அடுத்த கூட்டத்தின் பெரிய அலை படகுக்கு அடியில் நுழைந்து போனதும் கடைசியார் விசையைத் திருகினார். அலையின் முதுகைப் பிடித்துவிட்டார். பாதி தூரம்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. எதிரே ஓடிவந்த ஆற்றுத் தண்ணீரில் படகு தளர்ந்தது, முன்னால் போன அலை கையைவிட்டு நழுவியது. பின்னால், வரக்கூடாத ஒரு அலை நிமிர்ந்து வந்து வாலைத் தூக்கியது. படகு குறுக்கே திரும்பத் தொடங்கியது. கடைசியார் சுக்கான் கம்பியின் மேல் உடம்பு முழுவதையும் போட்டார். நெட்டை தன் நீளம் முழுவதையும் உயர்ந்த பக்கத்தில் தொங்கவிட்டான். தண்ணீர் மொத்தமாக உள்ளே கொட்டியது. படகு ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு நேரானது. உள் ஆற்றின் அமைதியான தண்ணீருக்குள் முழங்கால் அளவு கடலைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

கடைசியார் சிரித்தார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. குளிக்கக்கூட நேரம் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் துறைக்கு அவர் முதல் ஆளாகப் போகப் போகிறார்.

"அண்ணே, பின்னால பாருங்க" என்றான் நெட்டை.

மச்சினனின் படகு திட்டுக்குள் இருந்தது. அவனுக்கும் பின்னால் இன்னும் இரண்டு படகுகள் மூக்கைத் திருப்பி உள்ளே வரக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் பின்னால், அடுத்த அலைக் கூட்டம் வரிசையாக எழுந்து வந்தது. ஒருத்தன்கூடத் திரும்பி அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடைசியாரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அவர் சட்டென்று எழுந்து இரண்டு கையையும் வீசினார். நெட்டை தன் சட்டையைச் சுழற்றினான். பின்னால் கிளம்பிய இரண்டு படகுகளும் உடையும் இடத்துக்கு வெளியேதான் இருந்தன. அதனால் தப்பித்துத் திரும்பிக்கொண்டன. மச்சினனுக்குத் திரும்ப இடமில்லை. முதல் அலை அவன் படகைக் குறுக்கே வைத்தது, இரண்டாவது அலை கவிழ்த்தது. புது என்ஜின் ஒரு தடவை வானத்தைப் பார்த்து இரைந்துவிட்டு அடங்கியது.

இரண்டு தலைகள் மேலே வந்தன. மச்சினன் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். பாட்டுக்காரனின் கையில், இத்தனை காலம் அவன் உட்கார்ந்திருந்த ஜாக்கெட் அகப்பட்டது. தட்டையாகிப் போயிருந்தாலும் மிதந்தது. ஆற்றுத் தண்ணீர் அவர்களை வெளியே இழுக்க, அலைகள் மேலே விழுந்துகொண்டிருந்தன.

நெட்டை பிளாஸ்டிக் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே, "போலாம்ணே, போலாம்ணே" என்றான். கடைசியார் படகின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பினார். திட்டின் உள்விளிம்புவரை போனார். அங்கே நிறுத்தினார்.

கரையில் ஆட்கள் ஓடிவந்து கூடிவிட்டார்கள். "போ, போய்த் தூக்கு" என்று கத்தினார்கள். "சொந்த மச்சினன் சாகுறான், பார்த்துக்கிட்டு நிக்கிறான் பாரு" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அது ஐஸ் வியாபாரியின் குரல். கடைசியாருக்கு உடம்பு முழுவதும் போ போ என்றுதான் சொல்லியது. சற்றுமுன்தான் ஒரு தடவை உடம்பு சொன்னதைக் கேட்டாகிவிட்டது. இப்போது இந்த அலைகளுக்குள் போனால் தண்ணீரில் நான்கு பேர் இருப்பார்கள், தூக்குவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு அலை விழும்போதும் மச்சினன் தலை மறைந்தது. மறுபடி வருகிறவரை கடைசியார் மூச்சு விடவில்லை. எத்தனையோ ஆண்டுகள் அந்தத் திட்டில் சுகமாகக் காத்திருந்தவர், அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் காத்திருக்க முடியாமல் காத்திருந்தார்.

கூட்டத்தின் கடைசி அலை உடைந்து நுரையாகியது. "பிடிச்சுக்க" என்றார். படகு நுரைக்குள் பாய்ந்தது. பாட்டுக்காரனை நெட்டை சட்டைக் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டான். மச்சினன் தன் படகை விடமாட்டேன் என்றான். "என்ஜின், மச்சான்" என்றான். கடைசியார் அவன் முடியைப் பிடித்துத் தூக்கினார். அவருடைய மனைவி சின்ன வயதில் அவனை இப்படித்தான் தூக்கியிருப்பாள்.

திரும்பி உள்ளே போக இடைவெளி மிச்சமில்லை. நேராக வெளியே போய், ஆழத்தில் மற்ற படகுகளோடு சேர்ந்து நின்றார். கவிழ்ந்த படகை அலை ஒருவழியாக ஓரத்துக்கு உருட்டிப் போட்டது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "எல்லாரும் நல்லா இருக்கோம். உன் தம்பியும் இங்கதான் இருக்கான். அவளை பஸ் ஏத்தி விடு. எனக்கு நேரமாகும்."

மனைவி ஒன்றுதான் கேட்டாள். "எவ்வளவு நேரம்?"

"தண்ணி திரும்பணும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

கடைசியார் போனைப் பையில் போட்டுவிட்டு மச்சினனைப் பார்த்தார். அவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் வாய் காலியாக இருப்பதை எல்லோரும் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

"ஏன்டா வந்த?" என்று கேட்டார்.

"நீ போனியே மச்சான்."

"நான் போனா? உனக்குக் கண்ணு இல்ல? பின்னால திரும்பிப் பார்க்கமாட்டியா?"

"நீ போனா எதுக்குப் பார்க்கணும்?" என்றான் மச்சினன். நடுக்கத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. "யாருமே பார்க்கமாட்டோம் மச்சான். நீ எப்ப கிளம்புறன்னுதான் பார்ப்போம். நீ கிளம்பிட்டா அதுக்கப்புறம் பயமே கிடையாது."

சுற்றி நின்ற படகுகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வலையில் ஏதோ வேலை வந்துவிட்டது. வலையை உதறுகிறவன் உதறினான். என்ஜின் மூடியைத் திறக்கிறவன் திறந்தான். கடைசியார் ஒவ்வொருத்தனாகப் பார்த்தார். இத்தனை காலம் டீக்கடையில் வாய் கிழியப் பேசிய கூட்டம். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒருத்தனாவது முன்னாடியே சொல்லியிருந்தால், இன்று அவர் கிளம்புமுன் பின்னால் நிற்கிறவர்களை நினைத்துப் பார்த்திருப்பார்.

"அப்ப என்னைக் கேலி பண்ணினது?"

"அது வேற" என்றான் பாட்டுக்காரன், ஜாக்கெட்டை இன்னும் விடாமல்.

நெட்டைதான் முதலில் சிரித்தான். பிறகு கடைசியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அது உள் ஆற்றில் வந்த சிரிப்பு இல்லை. மச்சினன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, தண்ணீர் திரும்பும்வரை காத்திருந்தார்கள். நண்பகல் வந்தது, போனது. தூரத்துப் பாலத்தின் மேல் ஒரு பஸ் போனது. அது அந்த பஸ்தானா என்று அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கடைசியார் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

திட்டு அடங்கிய பிறகு படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கடைசியார் எல்லோரையும் முன்னால் அனுப்பினார். "திரும்பிப் பார்த்துப் போங்கடா" என்று ஒவ்வொருத்தனுக்கும் சொல்லி அனுப்பினார். அதனால் அன்றைக்கும் அவர்தான் கடைசி.

துறைப் படிக்கட்டில் மனைவி நின்றிருந்தாள். மகள் கீழ்ப்படியில், பெரிய பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போவதற்காகத் தைத்த புதுச் சுடிதாரில் சேறு ஒட்டியிருந்தது. மனைவி நேரே தம்பியிடம் போய் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியார் மகளுக்கு முன்னால் போய் நின்றார். சட்டையெல்லாம் உப்பு. "பஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"போயிடுச்சு."

"அம்மாகிட்டச் சொன்னேனே, ஏத்தி விடுன்னு."

"நான்தான் ஏறல. நாளைக்குப் போனாலும் வேலைக்கு நேரத்துக்குச் சேர்ந்துக்கலாம்." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நீ உள்ள வந்தப்ப நான் இங்கதான் நின்னேன். உன்னைக் கூட்டிக்கிட்டு நேரா பஸ்ஸுக்குப் போயிடலாம்னு வந்தேன். உன் படகு சாய்ஞ்சதை நான் பார்த்தேன்பா."

"உனக்கு நேரத்துக்கு வரணும்னு..."

"தெரியும். அதான் எனக்குக் கோபம்." அவள் பையின் பட்டையை முறுக்கினாள். "என் கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் காத்தடிச்சா கரைக்கு ஓடிவந்து அவங்க அப்பாவைப் பார்க்கும். நான் ஒருநாளும் வந்ததில்ல. வீட்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருப்பேன். எங்கப்பா லேட்டா வருவாரு, ஆனா வருவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்வேன். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்பா முதல்முதலா பயந்தேன்."

கடைசியார் அவள் பக்கத்தில் உப்புச் சட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அழுதார். மகள் தன் துப்பட்டாவின் முனையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள், மீசையில் ஒட்டியிருந்த உப்பையும் சேர்த்து.